கிராங்க் கேஸுக்குள் ஓர் எழுத்து

பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டால் எங்கள் அப்பாயிக்கு முதுகு தானாகக் குனியும். வேலையிலிருந்து நின்று, லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த காலத்திலும் அப்படித்தான். கீழே ரோட்டில் யாராவது பழைய பைக் ஒன்றை உதைத்துக் கிளப்பினால் இடிப்பது பாதியில் நிற்கும். கொஞ்ச நேரம் காது கொடுப்பாள். சத்தம் நம் பக்கம் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த இடி.

ஒற்றைச் சிலிண்டர் என்ஜின். ஒவ்வொரு வெடியையும் எண்ணிவிடலாம் போல நிதானமாக வரும். மலைச்சரிவில் வெட்டிய ரோட்டில் வளைவுக்குள் போனால் மறையும், வெளியே வந்தால் பெரிதாகும். அதை வைத்தே சின்ன தொரை இப்போது எத்தனையாம் நம்பர் மலையில் வருகிறார் என்று நிரையில் நிற்கிற பெண்கள் சொல்லிவிடுவார்களாம். கங்காணி தொண்டையைச் செருமுவார். பேச்சு அறுந்துவிடும். கைகள் வேகம் பிடிக்கும். "தொரை மூஞ்சிய நிமுந்து பாத்ததே கெடையாதுடா. எங்களுக்கு பைக்கு சத்தந்தான் தொரை" என்பாள்.

அந்தச் சத்தத்தைத்தான் பல வருடம் கழித்துப் பேரன் நான் காசு கொடுத்து வாங்கினேன். பிறகு ஹல்துமுல்லைக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில் என் கையாலேயே அதைக் கொன்றேன்.

வண்டி எம்.20. பர்மிங்ஹாம் ஸ்மால் ஆம்ஸ் கம்பெனி (பெயரிலேயே துப்பாக்கி இருக்கிறது) 1937 முதல் 1955 வரை செய்த ரகம். 496 சி.சி.; சிலிண்டரின் குறுக்களவு 82 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 94. இவ்வளவு பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு 13 குதிரைவலுதான் தரும். இரண்டாம் உலகப் போருக்காக இதில் 126,000 அளவில் செய்து தள்ளினார்கள். எந்தச் சேற்றிலும் போகும், எந்த மட்டமான பெற்றோலையும் குடிக்கும் என்பதுதான் அதன் பெருமை. ஒரு குறையும் உண்டு. வால்வு இரண்டும் சிலிண்டரின் தலையில் இல்லாமல் பக்கத்தில் நிற்கின்றன. எரிந்த புகை சிலிண்டரின் விலாவை உரசிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். சமவெளியில் அது பெரிய விஷயமில்லை, ஏற்றத்தில் இரும்பு கொதித்துவிடும். ஊவா மலையில் ஏற்றத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?

தியத்தலாவை முகாமிலிருந்து வந்த வண்டி என்றுதான் எனக்கு விற்றவர் சொன்னார். 1900-இல் போவர் யுத்தக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த காலத்திலிருந்தே அது இராணுவ ஊர் என்பதால் கதை நம்பும்படி இருந்தது, நம்பினேன். பழைய வண்டி விற்கிறவர்கள் எல்லோரும் ஒரு கதையையும் சேர்த்துத்தான் விற்பார்கள். என்ஜின் நம்பர் டபிள்யூ.எம்.20 என்று தொடங்குகிறது. முதலில் நிற்கிற டபிள்யூ, போர் இலாகாவுக்குச் செய்தது என்பதன் அடையாளம். அதுவரைக்கும் உண்மை. பதிவுப் புத்தகத்தில் முதல் பெயர் ஒரு வெள்ளைக்காரருடையது. 1975-இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்தபோது தொரைமார் போனார்கள், வண்டி நின்றது. பிறகு ஒரு கிளாக்கர் ஐயா, அவருக்குப் பிறகு ஒரு கடை முதலாளி, கடைசியில் நான்.

நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் எண்ணெய் போகிற வழியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த வகை என்ஜினுக்கு எண்ணெய் அடியில் கிடப்பதில்லை. தனி டேங்கில் இருக்கும். பம்ப் ஒன்று அதை உள்ளே தள்ளும். கூடவே இருக்கிற இன்னொரு பம்ப், அடியில் வழிந்ததை உறிஞ்சி டேங்குக்கே திருப்பிவிடும். வண்டி பல நாள் சும்மா நின்றால் டேங்கிலுள்ள எண்ணெய் பம்ப் வழியாகக் கசிந்து இறங்கி என்ஜின் வயிற்றில் நிறைந்துவிடும். 2022, பெற்றோல் வரிசைகளின் காலம். ஜூலையில் க்யூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்றார்கள். பாடசாலைக்குப் போகிற சின்ன வண்டிக்கே அது காணாது. எம்.20 கொட்டகையில் நின்றது. வாரம் தவறாமல் அதன் அடியில் எண்ணெய்க் குளம். எண்ணெய் விலையோ ஏறிக்கொண்டே போனது. நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். டேங்கிலிருந்து இறங்குகிற குழாயின் நடுவில் சின்னப் பித்தளை வால்வு ஒன்றைப் பூட்டினேன். நிறுத்தினால் மூடுவது, கிளப்பும் முன் திறப்பது. இரண்டு வருடம் மறக்கவில்லை.

பெலிஹுல்ஓயாவில் ஒரு நண்பர் வீட்டில் இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்பிய நாளில் மறந்தேன்.

இப்படி மறப்பவனுக்காகவே அந்தக் காலத்து ஆட்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். என்ஜின் கிளம்பியதும் எண்ணெய் டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பது. திரும்பி வருகிற எண்ணெய் துப்பித் துப்பி விழுவது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் போகலாம், தெரியாவிட்டால் உடனே அணைக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம்? நான் அன்று தேத்தண்ணி குடித்த கையோடு உதைத்தேன், கிளம்பினேன்.

பெலிஹுல்ஓயாவுக்குப் பிறகு ஏ4 வீதி விடாமல் ஏறுகிறது. வலப்பக்கம் நிலம் கீழே கீழே இறங்கி, தெளிவான நாளில் உடவளவை நீர்த்தேக்கம் தகடு மாதிரிப் பளபளக்கும். மாசி மாதத்து வெயில். பாதி ஏற்றத்தில் சத்தம் ஒன்று கேட்டது. இடது கைப்பக்கம் ஒரு லிவர் உண்டு. நெருப்புப்பொறி முந்தி விழவும் பிந்தி விழவும் அதைத்தான் தள்ள வேண்டும். ஏற்றத்தில் பொறி முந்தினால் என்ஜின் பிங்கிங் எடுக்கும். ஓட்டியவர்களுக்குத் தெரியும், தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்குகிற மாதிரி. நான் லிவரைப் பின்னுக்கு இழுத்தேன். சத்தம் போகவில்லை. இன்னும் இழுத்தேன். உண்மையில் அது சில்லறைச் சத்தமே இல்லை, கனமான சத்தம். உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. காது கேட்டது. மனம் அதற்குத் தெரிந்த பெயரை வைத்துவிட்டது.

அடுத்த வளைவில் ஒரு அடி. பின்சில்லு இறுகி ஒரு வண்டி நீளத்துக்கு ரோட்டில் கோடு போட்டது. விழாமல் நின்றது என் திறமை இல்லை, ஏற்றமாக இருந்ததால்தான். பிறகு ஒரு அமைதி. சூடான இரும்பு டிக் டிக் என்று ஆறுகிற ஒலியும் கருகிய நாற்றமும். குனிந்து பார்த்தேன். கிராங்க் கேஸின் முன்பக்கத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை. அதன் வழியாக முறிந்த கனெக்டிங் ரொட் எட்டிப் பார்த்தது.

மரக்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய லொறியொன்றில் ஏற்றி, ஹல்துமுல்லையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பாஸுக்கு எழுபதைத் தாண்டிய வயது. இந்த நாட்டில் கைத்தொழில்காரர் எல்லோரும் பாஸ்தான்; ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், அவர்கள் மொழியில் எஜமான் என்று பொருள். ஒல்லாந்தன் சொல்லில் நம் மேசனும் தச்சனும் மெக்கானிக்கும் எஜமானாகிவிட்டது ஒரு சின்னப் பழிவாங்கல் என்று எனக்குத் தோன்றும். பாஸ் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஓட்டையைப் பார்க்கவே இல்லை. நேராக எண்ணெய்க் குழாயில் கை வைத்தார். பித்தளை வால்வைத் திருகினார். அது திறக்கிற பக்கம் திரும்பியது.

"மாஸ்டர், இத யாரு பூட்டுனது?"

நான் பேசவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. அந்த மரியாதையை இன்றுவரை மறக்க முடியவில்லை.

ரொபர்ட் பேர்ஸிக் 1974-இல் எழுதிய ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பும் பற்றிய நூலில் இதே மாதிரி ஒரு சம்பவம் வருகிறது. அவருடைய வண்டியின் என்ஜின் திரும்பத் திரும்ப இறுகுகிறது. வானொலியை அலறவிட்டபடி வேலை செய்கிற பட்டறைக்காரர்கள் அதை இன்னும் கெடுத்து அனுப்புகிறார்கள். கடைசியில் பார்த்தால் எண்ணெய் ஓட்டத்தில் இருபத்தைந்து சதம் பெறுமதியான ஒரு சின்ன ஊசி முறிந்திருந்ததுதான் காரணம். அக்கறையில்லாமல் செய்த வேலையைப் பற்றிய ஆத்திரம் அந்தப் புத்தகம் முழுக்க ஓடுகிறது. இளவயதில் வாசித்தபோது நான் பேர்ஸிக்கின் பக்கம் நின்று பட்டறைக்காரர்களைத் திட்டினேன். இப்போது பட்டறைக்காரரின் முன்னால் நான்தான் குற்றவாளி.

என்ஜினைப் பிரிக்க இரண்டு நாள் ஆனது. பாஸ் அவசரப்படவில்லை. கழற்றிய ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய தினசரியின் மேல் வரிசையாக வைத்தார். பிஸ்டனின் பாவாடை நாலாக உடைந்திருந்தது. ரொட்டின் பெரிய முனையிலிருந்த உருளைகள் எண்ணெயில்லாமல் வெந்து மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாரித்திருந்தன. சிலிண்டர் சுவரில் நகம் இறங்குகிற ஆழத்துக்குக் கீறல்கள். பிஸ்டனின் தலையில் 40 என்று பொறித்திருந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பாஸ்மார் தவ் என்பார்கள். ஆகவே 40 தவ், கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர், இந்தச் சிலிண்டர் ஏற்கெனவே அகலப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறை கடையும்போதும் சுவர் மெலியும். கவாத்து வெட்டின தேயிலை மறுபடி துளிர்க்கும், கடைந்த இரும்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சுவாரசியம் பிடித்தது. பாஸ் சேதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முன்னால் இதைத் திறந்தவர்களைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு நட்டின் விளிம்பில் உளி வைத்து அடித்த வடு. "இவன் அவசரக்காரன். அளவான ஸ்பேனர் இல்ல, தேடவும் இல்ல." இன்னொரு இடத்தில் தேய்ந்த மறையைக் கழற்றிப் பெரிய மறை வெட்டி, அதற்கேற்ற போல்ட்டைக் கையால் அரவி எடுத்திருந்தார்கள். "இது படிச்ச கை." முறிந்த ரொட்டின் சின்ன முனையில் இருந்த வெண்கல புஷ்ஷை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உட்பக்கத்தில் எண்ணெய் நிற்பதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வாய்க்கால் வெட்டியிருந்தது.

"இது கொழும்புல கடைஞ்சது இல்ல மாஸ்டர். ஸ்டோர்ல கடைஞ்சது. ரோலர் பெயாரிங்குக்கு இப்பிடித்தான் கானு வெட்டுவாங்க. எங்கப்பா வெட்டிப் பாத்திருக்கேன்."

அவருடைய அப்பா ஒரு தேயிலை ஸ்டோரில் இஞ்சின்காரராக இருந்தவர். மலையகத்துக்கு வெளியே இருக்கிற வாசகருக்கு ஸ்டோர் என்றால் கடை என்று தோன்றலாம். எங்களுக்கு அது தேயிலைத் தொழிற்சாலை. மாடியில் கொழுந்து இரவெல்லாம் வாடும். விடியும் முன் வாடிய கொழுந்து ரோலருக்கு இறங்க வேண்டும். அதை நிறுத்தி வைக்க முடியாது. என்ஜின் நின்றால், பெல்ட் அறுந்தால், ஒரு பெயாரிங் வெந்தால் முந்தைய நாள் முழுத் தோட்டமும் பறித்த கொழுந்து கெட்டுப்போகும். இயந்திரங்களோ சீமையிலிருந்து வந்தவை: ரோலர் கெய்ன்ஸ்பரோவிலிருந்த மார்ஷல் கம்பெனியினது, உலர்த்தி பெல்ஃபாஸ்ட்டிலிருந்த டேவிட்சனின் சிரொக்கோ. உதிரிப்பாகம் கப்பலில் வரும்வரை கொழுந்து காத்திருக்குமா? ஆகவே அரிக்கேன் லாம்பு வெளிச்சத்தில், இருக்கிற இரும்பை வைத்து, விடிவதற்குள் செய்துவிடுகிற ஒரு கூட்டம் ஒவ்வொரு ஸ்டோரிலும் உருவாகியது. பிட்டர், இஞ்சின்காரர், கொல்லாசாரி. தொரையின் பைக் பழுதானால் அவர்களிடம்தான் வரும். பட்டணத்துக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க எந்தத் தொரைக்குப் பொறுமை?

எங்களைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை எழுதினார். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த தெளிவத்தை ஜோசப் எழுதினார். கொழுந்துக் கூடை, பிரட்டுக்களம், லயத்துக் காம்பரா, அட்டைக்கடி, அரைப்பேர் எல்லாம் இலக்கியத்தில் ஏறிவிட்டன. ஏற வேண்டியவைதான். ஆனால் நான் வாசித்த அளவில் அரத்தைப் பிடித்த கை அங்கே மிகக் குறைவு. எங்கள் சரித்திரத்தை நாங்களே இலையாலும் கண்ணீராலும் மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆயிரத்தில் ஒரு அங்குலத்தை விரல் நுனியால் அறிந்த ஆட்களும் அதே லயங்களில்தான் படுத்து எழுந்தார்கள். அவர்களுடைய எழுத்து எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இருந்ததில்லை, அந்த இரண்டாம் நாள் மாலை வரைக்கும்.

கிராங்க் கேஸ் இரண்டு பாதி. இடப்பாதியின் வெளிப்பக்கத்தில்தான் டபிள்யூ.எம்.20 என்ற நம்பர் இருக்கிறது. அந்தப் பாதியின் உட்புறத்தில் படிந்திருந்த கருப்பை பாஸ் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பது நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். சென்டர் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாக அடித்த ஒரு எழுத்து. கோலப்புள்ளி மாதிரி. மு. அதன் பக்கத்தில் 61.

மெக்கானிக்குகள் எந்தப் பல் எதனோடு சேர வேண்டும் என்பதற்கு அடையாளமாகப் புள்ளி அடிப்பது வழக்கம். இது அதற்கல்ல. இந்த இடத்தில் எந்த அடையாளத்துக்கும் தேவையில்லை. மூடிவிட்டால் யாருக்கும் தெரியவும் தெரியாது. முத்தையாவா, முனியாண்டியா, முருகையாவா? 1961-ஆக இருக்க வேண்டும். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுப் புத்தகத்திலும் பெயர் இல்லாமல் நின்ற காலம். வெளிப்பக்கத்தில் பிரித்தானியப் போர் இலாகாவின் நம்பர். அதே உலோகத்தின் மறுபக்கத்தில், எண்ணெய் மட்டுமே தொடுகிற இடத்தில், நாடில்லாத ஒருவரின் முதலெழுத்து. மூன்று வருடத்தில், 1964 அக்டோபரில், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி 525,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. அந்த மு தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூரில் தமிழ்நாட்டு அரசின் டான்டீ தோட்டமொன்றில் போய் நின்றாரா, அல்லது இங்கேயே ஏதாவது மலையடியில் புதைந்தாரா? பாஸுக்கும் தெரியவில்லை. "எங்கப்பா பேர் சு-வில ஆரம்பிக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் இருந்தது ஏமாற்றமா என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

புதிய கிராங்க் கேஸ் ஒன்றை இங்கிலாந்திலிருந்து எடுப்பதாகத்தான் நான் முதலில் நினைத்திருந்தேன். என் பழைய மாணவன் ஒருவன் அங்கே இருக்கிறான். ரொட்டும் உருளைகளும் அவன் மூலம்தான் வந்தன. அந்த மாலைக்குப் பிறகு கேஸைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டேன். பாஸ் தன் பங்குக்கு வேறு காரணம் சொன்னார்: "நம்பர் உள்ள பாதிய மாத்துனா புத்தகம் செத்துப்போகும் மாஸ்டர். ஓட்டப் போறது ரோட்டுலயா, கொட்டகையிலயா?"

எண்ணெய் குடித்த அலுமினியத்தை வெல்டிங் செய்வது சுலபமில்லை. எழுபது எண்பது வருடத்து எண்ணெய் உலோகத்தின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கும். நெருப்பு பட்டதும் அது கொதித்து வெளியே வந்து வெல்டிங்கில் புழு அரித்த மாதிரி ஓட்டை விழும். முதலில் முழுக் கேஸையும் சீராகச் சூடாக்கி எண்ணெயை வியர்க்க வைக்க வேண்டும். அதற்கு எங்கே போவது? பாஸ் பக்கத்துப் பேக்கரி மாத்தயாவிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். இரவுப் பாண் இறக்கிய பிறகு, விறகு அணைந்தும் கல் ஆறாத போரணைக்குள் கிராங்க் கேஸ் போனது. விடிய எடுத்தபோது அதன் மேல் தேன் நிறத்தில் எண்ணெய் துளிர்த்திருந்தது. துடைத்து மறுபடி வைத்தார்கள். மூன்று இரவு. மறுநாள் பாணில் மோட்டார் வாசம் அடித்தது என்று வீதியில் ஒரு பகிடி ஓடியது. நானும் ஒரு றாத்தல் வாங்கிப் பார்த்தேன், அப்படியொன்றும் இல்லை.

ஆர்கன் வெல்டிங் பண்டாரவளையில். ஓட்டையில் பறந்துபோன துண்டுகளுக்குப் பதிலாக ஒரு பழைய அலுமினியப் பாகத்தில் வெட்டிய ஒட்டு. உலோகம் உலோகத்தோடு சேர வேண்டுமானால் இரண்டும் ஒரு ஜாதி வார்ப்பாக இருக்க வேண்டும் என்று வெல்டிங்காரர் வகுப்பெடுத்தார். பாஸ் அவர் பக்கத்திலேயே நின்று, மு இருந்த இடத்தைச் சுற்றி ஈரச்சாக்கை வைத்துப் பிடித்திருந்தார். சூடு அங்கே போய்ப் புள்ளிகளைக் கரைத்துவிடக் கூடாதாம். நான் அதைக் கேட்கவில்லை. அவராகச் செய்தார்.

சிலிண்டரை 60 தவ் வரை அகலித்தாலும் கீறல் போகாது என்று லேத் நானா சொல்லிவிட்டார். உள்ளே புதிதாக ஒரு ஸ்லீவ் இறக்கி, பழைய 82-க்கே கொண்டுவந்தார். வேலையில் நீளமானது கிராங்க்கை நேராக்குவது. இரண்டு இரும்புச் சில்லுகளையும் புதிய பின்னில் பூட்டி, வி வடிவக் கட்டைகளின் மேல் கிடத்தி, டயல் வைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஊசி ஆடினால் செம்புச் சுத்தியலால் விளிம்பில் ஒரு தட்டு. மறுபடி சுழற்று. மறுபடி தட்டு. ஒரு முழு நாள். இரண்டு தவ்வுக்குள் வந்தால் போதும் என்று புத்தகம் சொல்கிறது, பாஸ் ஒன்றுக்கு வந்த பிறகுதான் தேத்தண்ணி குடித்தார்.

இந்த வகைப் பைத்தியத்துக்கு உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. நியூசிலாந்தின் இன்வர்கார்கிலில் வாழ்ந்த பேர்ட் மன்றோ. 1920-ஆம் வருடத்து இந்தியன் ஸ்கவுட் ஒன்றை வைத்துக்கொண்டு, பிஸ்டனைத் தன் கொட்டகையிலேயே வார்த்து, கனெக்டிங் ரொட்டைக் கையாலேயே அரவி, 1967-இல் அமெரிக்காவின் பொன்வில் உப்புத் தரையில் மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓடிக் காட்டினார். வெடித்த பிஸ்டன்களையும் முறிந்த ரொட்டுகளையும் அவர் எறியவில்லை. ஒரு தட்டில் அடுக்கி, வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதி வைத்திருந்தார். அவரைப் பற்றித் திரைப்படம் வந்தது. நியாயம்தான். அரிக்கேன் லாம்பில் ரோலர் புஷ் கடைந்தவருக்குக் காணிக்கைத் தட்டும் இல்லை, எழுதிவைக்கச் சுவரும் இல்லை. தன்னுடையதல்லாத ஒரு வண்டியின் வயிற்றுக்குள் ஒரு எழுத்தை அடித்து மூடியிருக்கிறார்.

இந்த நாட்களில் கராஜ் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, கேட்ட சத்தத்துக்கு நான் தப்பான பெயர் வைத்ததைப் பற்றி ஒருநாள் பாஸிடம் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பெரகலச் சந்திப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தியில் இடப்பக்கம் ஏறினால் அப்புத்தளை, நேரே போனால் கொஸ்லந்தை. கொஸ்லந்தைக்கு மேலேதான் மீரியபெத்த. 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அது இதே ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுதான். அங்கே இருப்பது ஆபத்து என்று 2005-இலும் 2011-இலும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. தப்பியவர்களில் பலர் மாக்கல்தெனியவில் ஒரு பழைய தேயிலை ஸ்டோருக்குள் ஏறத்தாழ இரண்டு வருடம் குடியிருந்தார்கள். என் கவனக்குறைவில் ஒரு என்ஜின் போனது, அங்கே மனிதர்கள் போனார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு நாக்கு எழவில்லை. பாஸும் வைக்கவில்லை. "அந்த ஸ்டோர்ல நான் வேல செஞ்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

எட்டாம் வாரம் வண்டி கிளம்பியது. நாலாவது உதையில். முதல் வெடி விழுந்ததும் பாஸ் சைலன்சர் பக்கம் போகவில்லை, எண்ணெய் டேங்கின் மூடியைத் திறந்து என் தலையைப் பிடித்து அழுத்தினார். இருட்டுக்குள் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு இருமல், ஒரு துப்பல், பொன்னிறமாக ஒரு நூல். அது அறுந்து அறுந்து விழுகிற சத்தத்தை அதுவரை நான் கவனித்துக் கேட்டதில்லை.

அப்பாயி இதையெல்லாம் பார்க்க இல்லை. நான் இந்த வண்டியை வாங்கும் முன்பே போய்விட்டாள். இருந்திருந்தால் பேரன் தொரை பைக்குக்குச் சம்பளத்தைக் கொட்டுவதைப் பார்த்துக் காறித் துப்பியிருப்பாள், சந்தேகமில்லை. என்னிடம் அவளுக்குச் சொல்வதற்குப் பதிலும் இருந்திருக்காது. மு என்ற எழுத்தைக் காட்டியிருக்கலாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஸ்டோரில் மு-வில் தொடங்குகிற பிட்டர் யார் இருந்தார் என்று கேட்டிருந்தால், அவருடைய பெண்சாதி பெயர், பிள்ளைகள் எத்தனை, எந்த லயம், எப்போது கப்பலேறினார் என்பது வரை சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் எங்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். நான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஸ்டோர்க்காரர்களைத் தேடிப் போகிறேன். வேறொரு வண்டியில்தான் போகிறேன்; எம்.20-இன் சத்தத்தோடு லயத்துக்குள் போக மனம் வருவதில்லை.

பித்தளை வால்வை பாஸ் திருப்பித் தரவில்லை. இப்போது டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எதுவும் இல்லை. வாரம் முழுக்க நின்றால் எண்ணெய் பழையபடி இறங்கித்தான் விடுகிறது. சனிக்கிழமை காலைகளில் அடித்தகட்டைக் கழற்றி, நெஸ்டமோல்ட் டின்னில் வடித்து, துணியில் வடிகட்டி, மறுபடி டேங்கில் ஊற்றுகிறேன். ஒவ்வொரு தடவையும் அரைப் போத்தலுக்குக் கொஞ்சம் குறைவு.